நூலகத்தில் புகைப்படத்துக்கு என்ன வேலை?

நூலகம் என்றதும் புத்தகம்தான் ஞாபகம் வரும். அப்புறம் நாளிதழ் மேசை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கூட்டம், தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறி. புகைப்படம் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், புத்தகங்களைப் பாடவாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி முறைப்படி 770 என்று எண் ஒட்டிய இடத்தைக் காட்டுவார்கள். கேமராவைக் கையாளக் கற்றுத்தரும் நாலைந்து புத்தகங்கள் அங்கே இருக்கும். அவ்வளவுதான்.

சில ஊர்களின் பொது நூலகங்களில் கதை வேறு. அங்கே புகைப்படம் தனித்தனிப் படமாக, பெட்டி பெட்டியாக, லட்சக்கணக்கில் இருக்கிறது. நூலகம் அவற்றைக் காசு கொடுத்து வாங்குகிறது, பட்டியல் போடுகிறது, கேட்டு வருபவருக்கு எடுத்துக் காட்டுகிறது. இன்று கேமராவோடு தெருவில் அலைகிற போட்டோகிராஃபருக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது. இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு நூலகத்துக்குள் போய்ப் பார்ப்பது சுலபம். நியூயார்க் பொது நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 1911-இல் திறந்த அந்தப் பெரிய பளிங்குக் கட்டடமும் வாசலில் உட்கார்ந்திருக்கும் இரண்டு கல் சிங்கங்களும் பல சினிமாக்களில் வந்திருக்கின்றன.

வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்கிற படங்கள்

இந்த நூலகத்தில் 1915-இல் ஒரு விசித்திரமான பிரிவு தொடங்கியது. வசதிக்காக அதைப் படத் திரட்டு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்து நியூயார்க்கில் நாடகத்துக்கு உடை தைப்பவர்கள், விளம்பரம் வரைபவர்கள், அச்சகக்காரர்கள், துணிக்கு டிசைன் போடுபவர்கள் எல்லோருக்கும் அடிக்கடி படம் தேவைப்பட்டது. எழுத்து உதவாது. தபால்காரர் எந்த மாதிரித் தொப்பி போட்டிருந்தார், யானை உட்காரும்போது பின்னங்கால் எப்படி மடங்கும் என்பதற்கெல்லாம் பத்துப் பக்கம் படிப்பதைவிட ஒரு படம் போதும்.

நூலகர்கள் என்ன செய்தார்கள் என்றால், கிழிந்த புத்தகங்கள், பழைய பத்திரிகைகள், அஞ்சலட்டைகள், கையில் கிடைத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். கத்தரிக்க வேண்டியதைக் கத்தரித்து, அட்டையில் ஒட்டி, தலைப்பு எழுதிக் கோப்புறையில் போட்டார்கள். இன்று 12,000-த்துக்கும் மேல் தலைப்புகள், பத்து லட்சத்துக்கும் மேல் படங்கள். தலைப்புகளைப் படிப்பதே ஒரு சுகம்: கைகுலுக்குதல், நீச்சல் குளங்கள், வெடிப்புகள், நிதி நெருக்கடிகள், கைவிடப்பட்ட ஊர்கள். ‘பின்புறத் தோற்றம்’ என்றே ஒரு கோப்புறை உண்டு. அதில் எல்லாரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

நூலக அட்டை இருந்தால் இவற்றைப் புத்தகம் மாதிரியே வீட்டுக்கு எடுத்துப்போகலாம். கூகுள் படத் தேடல் வந்தது 2001-இல். அதற்கு 86 வருடம் முன்னாலேயே கையால் செய்த படத் தேடல் இது.

1929 முதல் 1968 வரை இந்தப் பிரிவை நடத்தியவர் ரொமானா ஜாவிட்ஸ் என்ற நூலகர். படத்தையும் எழுத்து போலவே ஓர் ஆவணமாகப் பார்க்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் புகைப்படத்துக்கென்று தனித்துறை தொடங்கியது 1940-இல்தான். அதற்குள் ஜாவிட்ஸின் கோப்புறைகளில் எத்தனையோ நல்ல படங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கோப்புறையின் மேல் ‘ரொட்டி வரிசை’ என்று இருந்தால், உள்ளே ரொட்டிக்காக வரிசையில் நிற்பவர்களின் படங்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பத்திரிகையிலிருந்து வெட்டியதும் ஒரு பெரிய கலைஞர் தன் கையால் அச்சிட்டதும் பக்கத்தில் பக்கத்தில். என்ன இருக்கிறது என்பதுதான் தேடலுக்கு முக்கியம். யார் எடுத்தார் என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் அப்போது குறைவு.

ஒரே படம், இரண்டு அறை

1930களின் பொருளாதார மந்தத்தில் நொடிந்துபோன கிராமங்களைப் படம்பிடிக்க அமெரிக்க அரசு புகைப்படக்காரர்களைச் சம்பளத்துக்கு அனுப்பியது. பின்னாளில் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்று பெயர் பெற்ற துறை அது. அதன் படப்பிரிவை நடத்தியவர் ராய் ஸ்ட்ரைக்கர். வாக்கர் எவன்ஸ், டோரத்தியா லேஞ், பென் ஷான், கார்டன் பார்க்ஸ் எல்லோரும் அதில் வேலை பார்த்தவர்கள். அவர்களின் நெகட்டிவ்கள், ஒன்றே முக்கால் லட்சம் அளவில், இன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன.

ஸ்ட்ரைக்கருக்கும் ஜாவிட்ஸுக்கும் நல்ல பழக்கம். அரசாங்க வேலை, ஆட்சி மாறினால் படங்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் ஸ்ட்ரைக்கருக்கு இருந்தது. அதனால் ஆயிரக்கணக்கான பிரிண்ட்களை நியூயார்க்குக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். வாஷிங்டன் தொகுப்பில் இல்லாத படங்களும் அவற்றில் இருந்தது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

அந்தப் பிரிண்ட்களில் பல மற்றப் படங்களோடு கோப்புறைகளுக்குள்தான் போயின. எவன்ஸும் லேஞ்சும் எடுத்த படங்களை யாரோ ஒரு விளம்பர ஓவியர் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய், மேசையில் வைத்துப் பார்த்து வரைந்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருப்பார். இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அன்று அவை வெறும் தகவல்.

பின்னாளில் புகைப்படத்துக்குக் கலைச் சந்தையில் விலை ஏறியது. அப்போது நூலகர்கள் கோப்புறைகளைத் துழாவி இப்படிப்பட்டவற்றைப் பொறுக்கி எடுத்து இன்னொரு பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பிரிவுக்குப் பெயர் புகைப்படத் தொகுப்பு. இங்கே வீட்டுக்கு எடுத்துப்போகும் பேச்சே இல்லை. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு, நூலகர் பார்வையில், மேசைமேல் வைத்துத்தான் பார்க்கலாம். பட்டியலும் தலைப்பு வாரியாக நிற்காமல், எடுத்தவரின் பெயர் வாரியாகப் போகிறது.

இந்த விஷயத்தில் புதிதாக நுழைபவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். நூலகம் ஒரு புகைப்படத்தை இரண்டு விதமாக வைத்திருக்க முடியும். ஒன்று, அதில் தெரிகிற விஷயத்துக்காக. அப்போது அது ஒரு தகவல், அதன் நகல் இருந்தாலே போதும். இன்னொன்று, அந்தக் காகிதத்துக்காகவே, அதைச் செய்தவருக்காகவே. அப்போது அது ஒரு படைப்பு. எந்தத் தாளில் அச்சிட்டார், எப்போது அச்சிட்டார், பின்பக்கத்தில் பென்சிலால் என்ன எழுதினார் என்பதெல்லாம் கணக்கில் வரும். காகிதம் ஒன்றுதான். எந்த அறையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் கதை மாறிவிடுகிறது. அறை மாறும்போது எடுத்தவரின் பெயர் மேலே வருகிறது.

படத்தில் இருப்பவரின் பெயருக்கு அந்த யோகம்கூட இல்லை. லேஞ் 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஒரு பட்டாணி பறிக்கும் முகாமில் ஒரு தாயையும் குழந்தைகளையும் எடுத்தார். அந்த மந்தக் காலத்தைப் பற்றிய எந்தப் பேச்சிலும் வந்துவிடுகிற படம் அது. அந்தப் பெண்ணின் பெயரை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன் என்ற பெயர் உலகத்துக்குத் தெரியவந்தது 1978-இல்.

தாவரவியல் அலமாரியில் ஒளிந்திருந்த புகைப்படம்

புகைப்படத் தொகுப்பு என்று ஒரு பிரிவு உருவானதே ஒரு சுவையான கதை. 1970களில் ஜூலியா வான் ஹாஃப்டன் என்ற நூலகர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புத்தகத்தில் புகைப்படத்தை அச்சிடும் நுட்பம் பரவலாக இல்லை. அதனால் உண்மையான புகைப்பட பிரிண்ட்களைக் கையால் பக்கங்களில் ஒட்டி விற்றார்கள். நூலகம் அப்படிப்பட்ட புத்தகங்களை நூறு வருடமாக வாங்கி அடுக்கியிருந்தது. ஆனால் எகிப்துப் பயணப் படங்கள் எகிப்து அலமாரியில், கட்டடப் படங்கள் கட்டடக்கலையில், செடி படங்கள் தாவரவியலில். புகைப்படம் என்ற சொல்லை வைத்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

அவர் அலமாரி அலமாரியாகத் தேடி எடுத்தார். 1844 முதல் 1900 வரையிலான அப்படிப்பட்ட நூல்களுக்கு 1977-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 1980 வாக்கில் புகைப்படத்துக்கென்று தனித் தொகுப்பே அமைந்தது. நூலகத்திடம் ஏற்கெனவே இருந்ததை நூலகமே கண்டுபிடித்த கதை இது. இன்று அதில் சுமார் ஐந்து லட்சம் படங்கள்.

அப்படிப் புத்தகமாகவே உள்ளே வந்த பொக்கிஷங்களில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண், பிரிட்டனின் கடற்பாசிகளைப் பற்றி 1843 முதல் 1853 வரை பகுதி பகுதியாக ஒரு நூல் வெளியிட்டார். புகைப்படங்களைக் கொண்டு செய்த முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கேமராவே கிடையாது. ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1842-இல் கண்டுபிடித்த சயனோடைப் முறை. இரும்பு உப்புக் கரைசலைக் காகிதத்தில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே கடற்பாசியை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். அப்புறம் தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலமாக மாறும். பாசி இருந்த இடம் வெள்ளையாக நிற்கும், நரம்பு நரம்பாக. நூலுக்கான எழுத்தைக்கூட அவர் கையால் எழுதி அதே முறையில்தான் பிரதி எடுத்தார். ஒவ்வொரு பக்கமும் வெயிலில் காய்ந்தது.

மொத்தமே இருபதுக்குக் குறைவான பிரதிகள்தான் இன்று தெரியவந்துள்ளன. நியூயார்க் நூலகத்தில் இருப்பது அவர் ஹெர்ஷலுக்கே கொடுத்த பிரதி. அதாவது, கண்டுபிடித்தவரின் கைக்குப் போன பிரதி.

நூலில் அவர் தன் பெயரை முழுதாகப் போடவில்லை. முன்னுரையின் கீழே வெறும் இரண்டு முதலெழுத்துகள்: ‘ஏ. ஏ.’ சில பத்தாண்டுகள் கழித்து அந்த நூலைப் பார்த்த ஒரு சேகரிப்பாளர், ‘பெயர் சொல்லாத ஓர் ஆர்வலர்’ என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் முதலெழுத்துகள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்! யார் என்று பிறகு தெரிந்தாலும், நம் காலத்தில்தான் அட்கின்ஸுக்கு உரிய இடம் கிடைத்தது. 2018-இல் நூலகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. அதோடு சேர்த்து, அவரால் தூண்டப்பட்டு இன்று வேலை செய்கிற கலைஞர்களின் படைப்புகளுக்கும் தனியாக ஒரு கண்காட்சி வைத்தது. பழையதைக் காட்டும் சாக்கில் புதியவர்களுக்கும் சுவர் கிடைத்தது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. புகைப்படம் என்பது ரசாயனம். ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமாகக் கெடும். நூலகங்கள் பொதுவாகப் படங்களை அமிலம் இல்லாத, லேசாகக் காரம் சேர்த்த உறைகளில் வைக்கும். சயனோடைப்புக்கு அது ஆகாது, காரம் பட்டால் நீலம் வெளுத்துவிடும். வெளிச்சத்திலும் வெளுக்கும். ஆனால் வெளிச்சத்தில் வெளுத்ததை இருட்டில் போட்டுவைத்தால் நிறம் ஓரளவு திரும்ப வரும். களைத்துப்போனவர் தூங்கி எழுந்து தெளிவது மாதிரி. அதனால்தான் இப்படிப்பட்ட படங்களைக் கண்காட்சியில் சில மாதம் வைத்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் அனுப்பிவிடுகிறார்கள்.

இன்றைய போட்டோகிராஃபருக்கு இதில் என்ன?

‘சமகாலக் கலைஞர்களுக்கு ஆதரவு’ என்றால் உதவித்தொகைக் காசோலையும் பொன்னாடையும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது ரொம்பச் சாதாரணமான ஒரு காரியம்: உயிரோடு இருப்பவரிடம் படம் வாங்குவது.

பெர்சி லூமிஸ் ஸ்பெர் என்று ஒருவர். எழுத்தாளர் ஆகும் ஆசையில் 1924-இல் நியூயார்க் வந்தவர். தன் கட்டுரைகளுக்குப் படம் வேண்டுமே என்று கேமராவைத் தூக்கினார். எழுத்தைவிடப் படத்துக்குத்தான் காசு வந்தது. 1920களின் பிற்பகுதியிலிருந்து 1940களின் தொடக்கம்வரை, நூலகத்துக்காக நகரத்தின் தெருக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளினார். கப்பல் துறை, இடிபடும் வீடு, புதிதாக எழும் கட்டடம், மூலைக்கடை என்று முப்பதாயிரம் அளவில் படங்கள். கலை என்று அன்று யாரும் அவற்றைக் கொண்டாடவில்லை. அதே 1935-39 காலத்தில் அதே நகரத்தைப் படமெடுத்த பெரனிஸ் அபட் கலைஞர் என்று பெயர் எடுத்தார். ஸ்பெர் தெருமுனை விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். இருவரின் படங்களும் இன்று ஒரே நூலகத்தில் இருக்கின்றன. ஓர் ஊரின் நினைவுக்கு எது அதிகம் பயன்படுகிறது என்று கேட்டால், நான் ஸ்பெர் பக்கம்தான் நிற்பேன். 2015-இல் அவருடைய படங்களையும் அதே தொகுப்பில் உள்ள மற்றப் படங்களையும் நகர வரைபடத்தில் புள்ளி புள்ளியாகப் பொருத்தி இணையத்தில் போட்டார்கள். தன் தெரு எண்பது வருடம் முன்னால் எப்படி இருந்தது என்று யாரும் போய்ப் பார்க்கலாம்.

ஆக, நூலகம் வாங்கும் இன்றைய படம் என்பது நாளைய பழைய படம். விற்பவருக்கு உடனே கொஞ்சம் பணம் கிடைக்கிறது. அதைவிட, வாடகை வீட்டு ஈரத்துக்கும் பழுதாகும் ஹார்டு டிஸ்க்குக்கும் தப்பி, பெயரோடும் தேதியோடும் படம் ஓர் இடத்தில் இருக்கிறது. லூயிஸ் ஹைனின் கதை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். தொழிற்சாலைகளில் வேலை செய்த குழந்தைகளையும், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் இரும்பு கோத்த தொழிலாளிகளையும் எடுத்தவர். 1940-இல் வறுமையில் இறந்தார். அவர் விட்டுப்போன படங்களைக் கொடுக்க முன்வந்தபோது நவீனக் கலை அருங்காட்சியகம் வேண்டாம் என்றது. ஒரு போட்டோகிராஃபர் இறந்த பிறகு பெட்டிகள் எங்கே போகும் என்ற கேள்வி குடும்பத்தார் தலையில் விழுகிறது. பல ஊர்களில் அதற்குப் பதில் பழைய பேப்பர் கடை.

இரண்டாவது வகை ஆதரவு, கச்சாப்பொருள் தருவது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹால், விளம்பர ஓவியராக இருந்த காலத்தில் படத் திரட்டின் வாடிக்கையாளர். எடுத்துப்போனதில் சிலவற்றைத் திருப்பித் தரவே இல்லை என்பது அங்கே பிரபலமான கதை. நம் காலத்தில் தாரின் சைமன் என்ற புகைப்படக் கலைஞர், கோப்புறைகளையே தன் கருப்பொருளாக எடுத்துக்கொண்டார். ஒரு கோப்புறையைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை ஒன்றின்மேல் ஒன்று லேசாக விழும்படி பரப்பிப் படமெடுத்தார். மேலே சொன்ன ‘பின்புறத் தோற்றம்’ அவற்றில் ஒன்று. அண்மை ஆண்டுகளில் நூலகம், இந்தத் திரட்டை வைத்துப் புதிதாக ஏதாவது செய்யும் கலைஞர்களுக்கு உதவித்தொகையும் தருகிறது.

இணையமும் கச்சாப்பொருள்தான். 2016 ஜனவரியில் நூலகம் உரிமைக் கட்டுப்பாடு இல்லாத 1,80,000-க்கும் மேற்பட்ட படங்களையும் ஆவணங்களையும் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டது. விண்ணப்பம் வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஆனாலும் இணையம் வந்துவிட்டதே, கோப்புறை எதற்கு என்று கேட்கத் தோன்றும். 2021-இல் நிர்வாகத்துக்கும் அப்படி ஒன்று தோன்றியது போலிருக்கிறது. படத் திரட்டைப் பொதுமக்கள் தாங்களே புரட்டும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, கேட்டால் எடுத்துத் தருகிற ஆவணக் காப்பகமாக மாற்ற நினைத்தார்கள். கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தேடுபெட்டியில் நாம் தட்டச்சு செய்ததுதான் வரும். கோப்புறையைப் புரட்டினால் தேடாதது கையில் தட்டுப்படும்.

பாரிஸிலிருந்து ஒரு பெரிய ஆர்டர்

மூன்றாவது வகை, நேரடியாக வேலை கொடுப்பது. இதில் பெரிய உதாரணம் பிரான்சின் தேசிய நூலகம். அந்த நாட்டில் அச்சாகும் எதிலும் ஒரு பிரதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1537-இலேயே வந்துவிட்டது. அந்த வழியில் பின்னாளில் புகைப்படங்களும் குவிந்தன. 1968 முதல் அங்கே சமகாலப் புகைப்படத்தைக் கவனித்துக்கொண்டவர் ஜான் குளோத் லமான்யி. பெயர் எடுத்தவர், எடுக்காதவர் என்று பார்க்காமல், படப்பெட்டியோடு வருகிறவர்களை உட்காரவைத்துப் பார்ப்பவர் என்று அவருக்குப் பெயர். ஒரு நூலக அதிகாரி தன் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறார் என்பதே ஒரு இளைஞருக்கு எவ்வளவு பெரிய ஊக்கம்!

கொரோனாக் காலத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் பிழைப்பு படுத்துவிட்டது. 2021-இல் பிரெஞ்சுக் கலாச்சார அமைச்சகம் 54.6 லட்சம் யூரோவை ஒதுக்கி, அதை நடத்தும் பொறுப்பைத் தேசிய நூலகத்திடம் கொடுத்தது. 200 புகைப்படக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு 22,000 யூரோ. பெருந்தொற்றுக்குப் பிறகான பிரான்சை அவரவர் பார்வையில் எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான். எடுத்த படங்களிலிருந்து தேர்ந்த பிரிண்ட்கள் நூலகத்தின் தொகுப்பில் சேர்ந்தன. 2024-இல் பாரிஸில் கண்காட்சியாகவும் வைத்தார்கள். 1930களில் ஸ்ட்ரைக்கர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே அரசுத் துறை எடுத்து நூலகத்துக்கு அனுப்பியது. இங்கே நூலகமே ஆர்டர் கொடுத்தது.

இன்னொரு பாணி நம் பக்கத்தையும் தொட்டிருக்கிறது. பிரிட்டிஷ் நூலகம், அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைக் காப்பதற்கென்று ஒரு திட்டம் நடத்துகிறது. அதன் நிதியில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் படங்களை, 1880 முதல் 1980 வரையிலானவற்றை, தேடி மின்னுருவாக்கம் செய்தது. இந்தத் திட்டத்தில் மூலப் படம் ஊரைவிட்டுப் போகாது. நகல் மட்டும் லண்டனுக்குப் போகும். பழைய ஸ்டூடியோ மூடும்போது கண்ணாடி நெகட்டிவ்கள் என்ன கதி ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு, இது எவ்வளவு அவசரமான வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.

வாங்கிவிட்டால் உரிமையும் போய்விடுமா?

புதிதாகக் கேட்பவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் இது. நூலகம் ஒரு பிரிண்டை வாங்கினால், வாங்கியது அந்தக் காகிதத்தை மட்டும்தான். கடையில் நாவல் வாங்கியவர் அதை மறுபதிப்புப் போட்டு விற்க முடியுமா? அதே கணக்குதான். வாசிப்பறையில் காட்டலாம், பாதுகாக்கலாம். மற்றபடி பதிப்புரிமை, எழுதிக் கொடுத்தால் ஒழிய, எடுத்தவரிடமே இருக்கும். அதனால்தான் நூலகங்களின் இணையதளங்களில் 1890-ஆம் ஆண்டுப் படம் பளிச்சென்று பெரிதாகக் கிடைக்கிறது. 1990-இல் எடுத்தது தபால்தலை அளவில் கிடைக்கிறது, அல்லது விவரக் குறிப்பு மட்டும் இருக்கிறது. நூலகத்தின் கஞ்சத்தனம் என்று திட்ட வேண்டாம். அது எடுத்தவருக்குக் கொடுக்கும் மரியாதை. அரசு ஊழியராக லேஞ் எடுத்த படங்களுக்கு அந்தத் தடை இல்லை. அமெரிக்க அரசின் வேலைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதனால்தான் அந்தத் தாயின் படம் பாடப்புத்தகம் முதல் தபால்தலை வரை எல்லா இடத்திலும் இருக்கிறது.

நீங்களே ஒரு தொகுப்பை நேரில் பார்க்கப் போவதாக இருந்தால், பட்டியலில் தேடி எண்ணைக் குறித்துக்கொண்டு முன்பே எழுதிக் கேளுங்கள். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சில் எடுத்துப் போங்கள். படத்தைத் தட்டையாக, இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்வார்கள். நூலகத்துக்குத் தன் படங்களைக் கொடுக்க நினைக்கும் போட்டோகிராஃபராக இருந்தால், அந்த நூலகம் எதைச் சேர்க்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் ஆயிரம் படத்தை அள்ளி அனுப்பாமல், இருபது முப்பதைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, யார் என்ற விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். விவரம் இல்லாத படத்தைப் பட்டியலில் சேர்ப்பது நூலகருக்குப் பெரும்பாடு.

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால், நியூயார்க் பொது நூலகத்தின் இணையதளத்தில் ஸ்பெர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஏதாவது ஒரு தெருப் படத்தைத் திறந்ததும் பின்பக்கத்தையும் பாருங்கள், அதையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்தப் பக்கம், எதற்கு எதிரே, என்ன தேதி என்று தட்டச்சு செய்திருக்கும். சிலவற்றில் அதற்குக் கீழே, எடுத்தவரின் பெயரைக் கட்டாயம் போட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும்.